வன்னி இலை பொன்னாகாவிட்டால்..?

விருத்தகிரீஸ்வரர் சந்நிதியில் ஒரு வாழ்க்கைப் பாடம்

காலையில் வாசல் தெளித்து, கோலமிட்டு, பூஜையறையில் விளக்கேற்றி, இரண்டு நிமிடம் கண்மூடி நிற்கிறோம். அப்போது உங்கள் மனதில் எப்போதாவது இந்தக் கேள்வி எழுந்திருக்கிறதா?

'நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. அடுத்தவர் காசுக்கு ஆசைப்பட்டதில்லை. ஆனால், ஊரை ஏமாற்றுகிறவர்கள்தானே மாடி மேல் மாடி கட்டுகிறார்கள்? நேர்மையாக இருந்து நான் கண்ட லாபம் என்ன?'

கேட்டிருந்தால் வெட்கப்பட வேண்டாம் தோழிகளே! தெய்வ நம்பிக்கை உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி அதிகம் வரும். தெய்வம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நம்புவதால்தான், 'பார்த்துக்கொண்டிருந்தும் ஏன் இப்படி?' என்று மனம் தவிக்கிறது.

தர்மமும் நம் சொந்த நலனும் ஒரே வழியில் போகும்வரை சிக்கலே இல்லை. இரண்டும் எதிரெதிராக நின்றால் எதன் கையைப் பிடிப்பது? இந்தக் கேள்விக்கு ஒரு வன்னி மரம் பதில் வைத்திருக்கிறது. வாருங்கள், விருத்தாசலத்துக்குப் போவோம்.

காசியிலும் வீசம் அதிகம்!

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றங்கரையில் இருக்கிறது விருத்தாசலம். தேவாரத்தில் இதன் பெயர் திருமுதுகுன்றம். ஸ்வாமியின் திருநாமம் விருத்தகிரீஸ்வரர். அழகுத் தமிழில் பழமலைநாதர். அம்பிகை விருத்தாம்பிகை எனும் பெரியநாயகியாகவும், பாலாம்பிகை எனும் இளைய நாயகியாகவும் இரண்டு சந்நிதிகளில் அருள்பாலிக்கிறாள்.

'காசியைவிட வீசம் அதிகம்' என்று இந்தத் தலத்தைச் சொல்வார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. காசியில் கிடைக்கும் புண்ணியத்தைவிட இங்கே ஒரு வீசம் கூடுதல் என்பது ஐதீகம். அதனால் விருத்தகாசி என்றும் பெயர்.

இங்கே எல்லாமே ஐந்து. கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, நந்தி ஐந்து, தீர்த்தம் ஐந்து. பிள்ளையாரும் ஐந்து பேர். அவர்களில் ஆழத்துப் பிள்ளையார், தரைமட்டத்துக்குக் கீழே, படிகளில் இறங்கிச் சென்று தரிசிக்கும்படி அமர்ந்திருக்கிறார். 28 ஆகமங்களின் பெயரால் முருகப்பெருமான் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லப்படும் 28 லிங்கங்களும் இங்கு உண்டு. சோழ அரசியான செம்பியன் மாதேவியார், 10-ம் நூற்றாண்டில் இந்த ஆலயத்தைக் கற்றளியாக எழுப்பினார்.

இத்தனை பெருமைகளுக்கு நடுவே, அமைதியாக நிற்கிறது ஸ்தல விருட்சமான வன்னி மரம். நம் பாடம் தொடங்குவது அங்கேதான்.

கூலியாகக் கொடுத்த இலை

இந்த ஆலயத்துக்குத் திருப்பணி செய்தவர்களில் ஒருவர் விபசித்து முனிவர். முனிவரிடம் பணம் ஏது? கல் சுமக்கவும் மண் வெட்டவும் ஆட்கள் வந்தார்கள். மாலையானால் அவர்களுக்குக் கூலி தர வேண்டுமே!

முனிவர் மணிமுத்தாற்றில் நீராடி, பழமலைநாதரை வணங்கி, வன்னி மரத்தின் இலைகளைப் பறித்து, பணியாளர்களின் கையில் கொடுப்பாராம். அந்த இலைகள் அவரவர் செய்த வேலைக்கு ஏற்ற அளவில் பொற்காசுகளாக மாறினவாம். கூடுதலாக உழைத்தவருக்குக் கூடுதல் பொன். உழைப்பைக் குறைத்தவருக்குப் பொன்னும் குறைவு. இது தலபுராணம் சொல்லும் செய்தி.

இதைக் கேட்டதும் நாம் என்ன சொல்வோம்? 'பார்த்தீர்களா, நேர்மையாக உழைத்தால் பொன் கிடைக்கும்!' என்போம். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்போம்.

கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதைக்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. அன்று காலையிலிருந்து கல் சுமந்த ஒருவரை நினைத்துப்பாருங்கள். 'நீ சுமந்த கல் எத்தனை?' என்று யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. மேஸ்திரி இல்லை, பேரேடு இல்லை. மாலையில் முனிவர் எல்லோருக்கும் அதே மரத்து இலையைத்தான் கொடுத்தார். கொடுத்த கையில் பேதமே இல்லை. வேறுபாடு, வாங்கிய கையில்தான் இருந்தது.

அதாவது, கணக்கு எழுதப்பட்டது ஒரே ஓர் இடத்தில். அந்த ஆளின் உழைப்பிலேயே அது எழுதப்பட்டுவிட்டது.

தோழருக்கும் மாற்று உண்டு

இதே ஊரில் இன்னொரு பொன் கதையும் உண்டு. இது சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் சொல்வது.

சிவபெருமானைத் தோழராகக் கொண்ட சுந்தரமூர்த்தி நாயனார், திருமுதுகுன்றத்துக்கு வந்து பதிகம் பாடினார். இறைவன் 12,000 பொன் கொடுத்தார். 'இந்தப் பொன் திருவாரூருக்கு வந்து சேர வேண்டும்' என்று கேட்டார் சுந்தரர். 'மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்' என்று அருளினார் இறைவன்! 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்று இன்றும் சொல்கிறோமே, அதற்கு மூலம் இந்தச் சம்பவம்தான்.

ஆற்றில் போடுவதற்கு முன்பு, பொன்னிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார் சுந்தரர். அதற்கு மச்சம் என்று பெயர். பின்னாளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரி அது. திருவாரூர்க் கமலாலயத் திருக்குளத்தில் பொன்னை எடுத்து, மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்று குறைந்திருந்தது. சுந்தரர் விடவில்லை. மறுபடியும் இறைவனைப் பாடினார். பிறகு மாற்று சரியானது.

அந்தப் பொன்னை உரைத்துப் பார்த்த பிள்ளையார், மாற்றுரைத்த பிள்ளையார். விருத்தாசலத்தின் ஐந்து பிள்ளையார்களில் ஒருவருக்கும் அதே திருநாமம். திருவாரூரில் குளக்கரையிலும் அதே பெயரில் ஒரு பிள்ளையார்.

கொடுத்தவர் கடவுள், வாங்கியவர் அவருடைய தோழர். அங்கேயே மாற்று உரைத்துப் பார்க்கப்பட்டது என்றால், நம் கொடுக்கல் வாங்கலை உரைத்துப் பார்க்க வேண்டாமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். சுந்தரர் பொன் கேட்டது தவறு என்று சேக்கிழார் எங்குமே சொல்லவில்லை. குடும்பத்துக்குப் பொன் வேண்டும் என்று நினைப்பது பாவமல்ல. நம் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும், நமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்ற ஆசையும் பாவமல்ல. அந்தப் பொன்னின் மாற்று என்ன என்பதே கேள்வி.

தட்டினால் சொல்லும் பீங்கான்

விருத்தாசலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இது பீங்கான் ஊர்! பக்கத்தில் இருக்கும் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேல் மண்ணை அகற்றும்போது, வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மண்ணை ஆதாரமாகக் கொண்டு இங்கே செராமிக் தொழிற்கூடங்கள் வளர்ந்தன. செராமிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசுக் கல்வி நிலையமும் இந்த ஊரில் உண்டு. பொம்மைகள், அகல் விளக்குகளோடு, மின்சாரத்துக்கான ஃபியூஸ் கேரியர்களும் இங்கே உருவாகின்றன. பழைய வீடுகளின் மெயின் போர்டில், கையால் பிடித்து இழுத்தால் வெளியே வருமே, வெள்ளைப் பீங்கானில் ஒன்று... அதுதான்.

கோயிலுக்குப் போன அன்று, வன்னி மரத்தடியில் அகல் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயது இருக்கும். பல வருடங்கள் ஒரு சிறிய பீங்கான் கூடத்தில் வேலை பார்த்தவர். சூளையிலிருந்து இறக்கிய சரக்கைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பதுதான் அவருடைய வேலை.

"தட்டிப் பார்த்தா தெரிஞ்சிடுமா அக்கா?" என்று கேட்டேன்.

"நல்லது கணீர்னு பேசும்மா. உள்ளே மயிரிழை விட்டிருந்தா சத்தம் சப்புனு அடங்கிடும். மேலே பளபளன்னு மெருகு இருக்கும், கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. காதுக்குத்தான் தெரியும்" என்றார்.

மண்பானை வாங்கும்போது நாமும் விரலால் சுண்டிப் பார்ப்போமே, அதே கதைதான். ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து வெளியே வரும் பீங்கான், சரியாக ஆறாமல் போனால் உள்ளுக்குள் விரிசல் விடும். பொம்மை என்றால் என்றைக்காவது உடையும், அவ்வளவுதான். மின்சாரச் சாமானில் விரிசல் இருந்தால் அதற்குள் ஈரம் இறங்கும். ஈரம் வழியே மின்சாரம் கசியும். ஏதோ ஓர் ஊரில், ஒரு மழை நாளில், யாரோ ஒருவர் அதன் மேல் கை வைப்பார்.

அந்த அக்காவுக்கு எண்ணிக்கைக் கூலி. தேறிய சரக்குக்குத்தான் காசு. 'சப்'பென்ற சரக்கை ஒதுக்க ஒதுக்க, அவருடைய கூலிதான் குறையும். ஒருமுறை ஒரு சூளை முழுக்கவே ஆறுவதில் கோளாறாகிவிட்டது. அவசரமான ஆர்டர் அது. "மேலே நல்லாத்தானே இருக்கு, பார்த்துப் போடும்மா" என்றார்களாம். இவர் போடவில்லை. பாதிக்கு மேல் ஒதுக்கிவிட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... அடுத்த வாரத்துலேருந்து வேலைக்குக் கூப்பிடலை. மூணு மாசம் வீட்லதான் இருந்தேன். பெரியவளுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டணும். தோட்டை அடகு வெச்சேன். இப்போ வேற இடத்துல களிமண் பிசையறேன். அங்கே வாங்கினதைவிடக் கூலி கம்மிதான்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எந்த மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம்! உழைப்பு பொன்னான மரம் அல்லவா இது?

"உங்களுக்கு வருத்தமா இல்லையா அக்கா? இலை பொன்னாச்சுன்னு சொல்றாங்களே..."

அவர் சிரித்தார். "எனக்கு இலையாவேதான் இருந்துச்சு. என்ன பண்றது? தட்டினா எனக்குக் கேட்டுடுச்சேம்மா. கேட்டதைக் கேக்கலைன்னு எப்படிப் போடறது?"

இலை இலையாகவே இருந்தால்?

தோழிகளே, வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தைதான் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

நம்மில் பலர் தர்மத்தை ஒரு சீட்டுப் பணம்போல நினைக்கிறோம். மாதாமாதம் கட்டினால், ஒருநாள் மொத்தமாகக் கைக்கு வரும் என்று எதிர்பார்க்கிறோம். வராவிட்டால், 'இனி எதற்குக் கட்ட வேண்டும்?' என்று மனம் சலித்துக்கொள்கிறது. பலனுக்காகச் செய்யும் தர்மத்தின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. பலன் அந்தப் பக்கம் போனால், நாமும் அந்தப் பக்கம் போய்விடுவோம்.

நேர்மையாக இருந்தால் கட்டாயம் நல்லது நடக்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த அக்காவைப் பார்த்த பிறகு எப்படி வரும்? அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை நம்புவது ஒரு பெரிய ஆறுதல், நம்புங்கள். ஆனால், அடுத்த பிறவியின் வட்டிக்காகச் செய்தாலும் அதுவும் ஒரு வியாபாரம்தானே?

அவர் சொன்ன காரணம் வேறு. 'எனக்குக் கேட்டுவிட்டது.' அவ்வளவுதான். இது சரியில்லை என்று மனம் ஒருமுறை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு தெரியாதவர்போல நடப்பதற்கு நமக்கு நாமே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொன்னால், அந்த மயிரிழை பீங்கானிலிருந்து நமக்குள் வந்துவிடும். வெளியே மெருகு அப்படியே இருக்கும். பட்டுப் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், வாய் நிறைய ஸ்லோகம். தட்டினால்..?

கொளஞ்சியப்பரிடம் ஒரு பிராது

விருத்தாசலம் போனால் தவறவிடக் கூடாத இன்னொரு தலம், சுமார் 3 கி.மீ. தூரத்தில் மணவாளநல்லூரில் இருக்கும் கொளஞ்சியப்பர் ஆலயம். இங்கே முருகப்பெருமான் வேலும் மயிலுமாகக் காட்சி தருவதில்லை. உருவமில்லாமல், ஒரு பலிபீட வடிவில் சுயம்புவாக அருள்கிறார்.

இங்கே 'பிராது கட்டுதல்' ரொம்பப் பிரசித்தம். ஒருவருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த கடன் திரும்பவில்லை, நகை களவு போய்விட்டது, நம்பியவர் ஏமாற்றிவிட்டார்... ஒரு தாளில் கொளஞ்சியப்பருக்கு மனு எழுதுகிறார்கள். ஸ்வாமியின் சந்நிதியில் வைத்துப் பூஜித்த பிறகு, முனியப்பர் சந்நிதியில் இருக்கும் வேலில் அதைக் கட்டிவிடுகிறார்கள். குறை தீர்ந்ததும் மறுபடி வந்து, பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

வரிசையாகக் கட்டியிருந்த அந்தத் தாள்களைப் பார்த்தபடி நின்றேன். ஒவ்வொரு தாளும், பொன்னாக வேண்டிய இலை இலையாகவே நின்றுபோன ஒருவருடைய கதை. போலீஸுக்கோ கோர்ட்டுக்கோ போக வழியில்லாதவர்கள் வேறெங்கே போவார்கள்?

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை பேர் இங்கே பிராது கட்டுகிறார்கள் என்றால், அந்தப் பிராதுகளில் எதிராளியாக இருப்பவர்களும் அத்தனை பேர் இருப்பார்கள். அவர்களும் வீட்டில் விளக்கேற்றுகிறவர்கள்தான். அவர்களும் தங்களைக் கெட்டவர்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். 'என் குடும்பத்துக்காகத்தானே செய்தேன்', 'ஊர் உலகத்தில் எல்லோரும் செய்வதுதானே' என்று ஒரு சமாதானம் வைத்திருப்பார்கள்.

நேர்மையா, சுயநலமா என்று யோசிக்கும்போது நாம் நம்முடைய லாப நஷ்டத்தை மட்டுமே பார்க்கிறோம். ஆனால், தவறான வழியில் வரும் நம்முடைய லாபத்தின் மறுபக்கத்தில், யாரோ ஒருவருடைய பிராது எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தாளில் நம் பெயர் இருக்கக் கூடாது. நேர்மையாக இருக்க இந்த ஒரு காரணம் போதாதா?

தியாகம் வேறு... நேர்மை வேறு!

'அப்படியென்றால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட வேண்டுமா? நம்மை ஏறி மிதித்துவிட மாட்டார்களா?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. முக்கியமாகப் பெண்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால், 'விட்டுக்கொடு, பொறுத்துப்போ' என்று நமக்குத்தான் அதிகம் சொல்லப்பட்டிருக்கிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்முடையதை அடுத்தவருக்குக் கொடுப்பது தியாகம். அது நம் விருப்பம், நம் சக்திக்கு உட்பட்டது. யாரும் அதை நம்மிடம் கட்டாயப்படுத்த முடியாது. அடுத்தவருடையதை எடுக்காமல் இருப்பது நேர்மை. அது விருப்பம் அல்ல, கடமை.

திருவாரூரில் கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டானே மனுநீதிச் சோழன், அவ்வளவு தூரம் போகும்படி நம்மை யாரும் கேட்கவில்லை. உங்கள் கூலியை நீங்கள் விட்டுத்தர வேண்டாம். உங்கள் பங்கைக் கேட்டு வாங்குங்கள். அநியாயம் நடந்தால் பிராது கொடுங்கள். தெய்வத்திடமும் கொடுங்கள், சட்டத்திடமும் கொடுங்கள். அடுத்தவர் பங்கு நம் பங்கோடு சேர்ந்து வந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதற்கு நம் வீடுகளிலேயே உதாரணம் இருக்கிறது. பூர்விகச் சொத்தைப் பிரிக்கிறார்கள். தமிழகத்தில் 1989-ம் ஆண்டிலேயே வந்த சட்டத் திருத்தமும், நாடு முழுவதற்குமாக 2005-ல் வந்த திருத்தமும், அதில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை தந்திருக்கின்றன. இருந்தாலும் என்ன நடக்கிறது? நாத்தனாரை விருந்துக்கு அழைக்கிறோம். வடை பாயசம், ஒரு பட்டுப் புடவை. சாப்பாடு முடிந்ததும், "ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க அண்ணி" என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறோம். தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற பயத்தில் போட்டுவிடுகிறார்.

அவருக்கு எல்லாம் தெரிந்து, தானே மனமுவந்து கொடுத்தால் அது தியாகம். தெரியாதபடி நாம் வாங்கிக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. அந்த வீட்டில் நாம் எத்தனை ஹோமம் செய்தாலும், தட்டிப் பார்த்தால் சத்தம் கணீரென்று வராது. இத்தனைக்கும் நாமும் யாரோ ஒருவருக்கு நாத்தனார்தான்!

நம் கையில் இருக்கும் இலை

வன்னி இலைக் கதையைப் படிக்கும்போது, கூலி வாங்குகிற ஆளின் இடத்தில்தான் நாம் எப்போதும் நம்மை வைத்துப் பார்க்கிறோம். 'எனக்கு எப்போது பொன்னாகும்?' என்று கேட்கிறோம். ஆனால், கொடுக்கிற இடத்திலும் நாம் இருக்கிறோமே!

இதை எழுதும்போது என்னையே தட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண், மகனுக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள் வரவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் நான்கு நாளைக்குக் கணக்காகப் பிடித்துக்கொண்டேன். கணக்கில் நான் கெட்டிக்காரி! ஆனால், தீபாவளிக்கு முன்பு வீடு ஒட்டடை அடித்து, பலகாரப் பாத்திரங்களைத் தேய்த்து, ராத்திரி எட்டு மணி வரை அவள் இருந்தாளே... அந்த நாள்கள் என் கணக்கில் வரவே இல்லை. அதற்கு ஒரு பழைய புடவையும் அரை கிலோ ஸ்வீட்டும் கொடுத்து நேர் செய்துவிட்டதாக நினைத்தேன்.

விபசித்து முனிவர் இலைதான் கொடுத்தார். ஆனால், வேலைக்குச் சரியான பொன்னாக அது மாறியது. நான் பணம்தான் கொடுத்தேன். அவள் வேலைக்கு முன் அது இலையாகிவிட்டது.

விருத்தாசலத்திலிருந்து திரும்பிய மறுநாள், பிடித்த பணத்தையும் கூடுதல் வேலைக்கான பணத்தையும் சேர்த்து அவளிடம் கொடுத்தேன். "எதுக்கும்மா?" என்றாள். "என் கணக்குத் தப்பு" என்றேன். அதனால் எனக்கு எந்த அதிசயமும் நடக்கவில்லை. அந்த மாதம் சிலிண்டர் வாங்கக் கொஞ்சம் இழுபறியாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால், அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றியபோது, ஸ்வாமியின் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது.

இந்த வாரப் பயிற்சி

மாற்றுரைத்த பிள்ளையாரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு, இந்த மூன்று கேள்விகளை உங்களிடமே கேட்டுப்பாருங்கள்.

1. இந்த வாரம் என் கைக்கு வந்ததில், அடுத்தவருடைய பங்கு ஏதாவது சேர்ந்திருக்கிறதா? கடைக்காரர் தவறிக் கொடுத்த மீதிச் சில்லறையாக இருக்கலாம். உடன் பிறந்தவளின் உரிமையாகவும் இருக்கலாம்.

2. என்னிடம் கூலி வாங்குகிறவருக்கு, அவர் உழைப்பின் அளவுக்குக் கொடுத்தேனா? வீட்டு வேலை செய்பவர், இஸ்திரி போடுபவர், கீரை விற்கும் பாட்டி... பேரம் பேசும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. இது சரியில்லை என்று எனக்குக் கேட்டும், கேட்காததுபோல நான் இருந்த இடம் எது?

மூன்றாவது கேள்விதான் கடினம். பதில் வந்தால், அதைச் சரிசெய்ய முதல் அடி எடுத்து வையுங்கள். ஒரேநாளில் எல்லாவற்றையும் நேராக்க முடியாது. ஒரு போன் செய்தால்கூட அது தொடக்கம்தான்.

பிள்ளைகளுக்கு வன்னி இலைக் கதையைச் சொல்லும்போது, 'நல்லது செய்தால் பொன் கிடைக்கும்' என்று முடிக்காதீர்கள். பொன் கிடைக்காத நாளில் அவர்கள் கதையையே சந்தேகிப்பார்கள். 'யாரும் பார்க்காத இடத்திலும் உன் வேலைக்கு ஒரு கணக்கு இருக்கிறது' என்று சொல்லுங்கள். அந்தப் பீங்கான் கூடத்து அக்காவின் கதையையும் கூடவே சொல்லுங்கள்.

எப்படிப் போவது?

விருத்தாசலம், சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாகத் திருச்சி செல்லும் ரயில் பாதையில் உள்ள ஜங்ஷன். சேலத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ரயில் பாதை உண்டு. சாலை வழியாகக் கடலூரிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரம். மாசி மகம் இந்தத் தலத்தின் பெருவிழா. முதலில் ஆழத்துப் பிள்ளையாரை வணங்கி, பிறகு பழமலைநாதரையும் அம்பிகையர் இருவரையும் தரிசித்து, வன்னி மரத்தை வலம் வந்து வணங்குங்கள்.

மரத்தடியில் இலை ஏதும் உதிர்ந்து கிடந்தால், ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மிகச் சிறிய இலை. அது பொன்னாகுமா என்று யோசிக்காதீர்கள். 'இதைப் பழமலைநாதர் என் கையில் கூலியாகக் கொடுத்தால், என் வேலைக்கு எவ்வளவு பெறும்?' என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழமலைநாதர் திருவருளால், உங்கள் இல்லத்தின் ஓசை என்றும் கணீரென்று ஒலிக்கட்டும்!